மேகமும் புதரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"இளமை நினைவு ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் என்னும் விளையாட்டுக் கருவி. தமிழ்ச் சங்கத்து மேடையில் இதற்கும் இடமுண்டோ என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். அக்கருவியை நான் முதன்முதல் கண்ட கதையைச் சொல்லப் புகுந்தால், இந்நகரில் நாம் வாழ்ந்த வாழ்வின் ஒரு பக்கத்தையும் சொல்லியே ஆகவேண்டும்.

நம் குடும்பங்கள் பல இங்கு வந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இவ்வூரில் தோன்றின. வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இளைஞர்கள் பிழைப்புத் தேடி வந்தனர். ஆலைக் குடியிருப்பு ஒன்றில் வீடு கிடைத்தால் அதுவே பெரும்பேறு. அத்தகைய குடியிருப்பு ஒன்றில்தான் நான் பிறந்தேன். ஒரு வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அவற்றுள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். கடைசி வீடு எங்களுடையது. பெருஞ்சாலை அதன் வாயிலுக்கு எதிரேயே சென்றது.

1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எனக்கு வயது பத்து. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து, அம்மாதம் 12, 13 ஆகிய நாட்களில் இந்நகரில் என்ன நிகழ்ந்தது என்பதை இங்குள்ள மூத்தோர்க்கு நான் விவரிக்க வேண்டுவதில்லை. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன, ஊரடங்கு போடப்பட்டது. பழைய புண்ணைக் கிளறுவது என் நோக்கமன்று. அந்நாட்களில் ஒரு சிறுவன் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

மாலை மங்கும் வேளை. நான்காம் வீட்டுக் கன்னட மூதாட்டி எங்கள் வாயிலில் வந்து நின்றார். குடியிருப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் 'அஜ்ஜி'. என் தாயாரிடம் அவர் நீண்ட பேச்சுப் பேசவில்லை. "சாலையோரத்து வீட்டில் இருக்க வேண்டாம்; பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா" என்று கன்னடத்தில் சொல்லி, என் தங்கையைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்தார். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையோடு என் தாயார் பின்தொடர்ந்தார். தந்தையார் கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக வந்தார். அவ்வீட்டில் நாங்கள் ஐந்து இரவுகள் தங்கினோம்.

பெரியவர்கள் சமையலறை வாயிலில் அமர்ந்து, வானொலிப் பெட்டியைக் காதருகே வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தனர். நாங்கள் குழந்தைகள், எங்களுக்கு அச்சமும் இருந்தது, சலிப்பும் இருந்தது. என் தங்கை அழத் தொடங்கினாள். அஜ்ஜி எழுந்தார். அலமாரியின் உச்சியிலிருந்து துணியில் சுற்றிய பொதி ஒன்றை இறக்கினார். அவருடைய மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து தம் பிள்ளைக்காகக் கொண்டுவந்த கருவி அது. ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் மட்டுமே அது கீழே இறங்கும் என்பது அவ்வீட்டின் சட்டம். அன்று வியாழக்கிழமை. சட்டம் தளர்ந்தது.

வெள்ளையும் சிவப்புமான சிறு பெட்டி. அதன் உடலோடு பிணைந்த கைப்பிடிகள் இரண்டு. 'கேசட்' என்று நாங்கள் அழைத்த பட்டையான துண்டு ஒன்றை அதன் தலையில் செருகவேண்டும். செருகியும் படம் வரவில்லை. பேரன் அதை வெளியே எடுத்து, வாயால் ஊதி, மீண்டும் செருகினான். பிறகு தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னே சென்று, கூரைமேல் நின்ற ஆண்டெனாவின் கம்பியைக் கழற்றிவிட்டு, கருவியின் கம்பியை மாட்டினான். முன்பக்கத்துக் குமிழைத் திருகத் திருக, மழைபோல் இரைந்த திரையில் ஓர் உலகம் எழுந்தது.

அதுவரை தொலைக்காட்சி என்பது பிறர் காட்டுவதை நாம் பார்க்கும் பொருள். அன்று என் கட்டைவிரல் அழுத்தியது. திரையில் ஒரு மனிதன் நடந்தான்! அந்த வியப்பை விளக்க இன்றும் எனக்குச் சொல்லில்லை. வியந்து நின்ற அக்கணமே, காளான் போன்ற ஓர் உருவம் எதிரே வந்து மோத, என் மனிதன் மாண்டான். குழந்தைகள் சிரித்தனர். "ஒலி வேண்டாம்" என்று தந்தையார் கைகாட்டினார். ஒலியை முற்றும் அடக்கினோம். ஐந்து இரவுகளும் அவ்விளையாட்டை ஊமைப் படமாகவே ஆடினோம். அதன் இசை உலகெங்கும் பெயர்பெற்றது என்பதையே பல ஆண்டுகள் சென்றுதான் நான் அறிந்தேன்.

அந்த விளையாட்டு, 1985இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. அதில் மாரியோ, லூயிஜி என்று சகோதரர் இருவர். முதற் கைப்பிடி ஒருவனுக்கு, இரண்டாவது மற்றவனுக்கு. ஒருவன் வீழும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். கைப்பிடிகளின் கம்பியோ நீளமன்று. ஆடுகிறவனும் காத்திருப்பவனும் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தாலன்றி ஆட இயலாது. அப்படித்தான் அமர்ந்தோம், அஜ்ஜியின் பேரனும் நானும்.

அவ்வீட்டுத் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளைப் பெட்டி. அத்தகைய படக்குழாய்களைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் செய்து வந்தது. அந்தச் சாம்பல் நிற உலகில்தான் இரண்டாம் இரவு ஒன்றைக் கண்டுபிடித்தோம். வானத்தில் மிதந்த மேகத்தையும் தரையில் நின்ற புதரையும் பேரன் மாறி மாறிச் சுட்டிக்காட்டினான். இரண்டும் ஒரே வடிவம்! மேகத்துக்கு எத்தனை வளைவோ, புதருக்கும் அத்தனை வளைவு. அவன் அதைக் கன்னடத்தில் 'மோட' என்றான். நான் மேகம் என்றேன். என் தாயார் திரும்பிப் பார்த்து, "நம் பாட்டியும் மழைக்கு முன் 'மோடம் போட்டிருக்கிறது' என்பாரே" என்றார். அந்த இரவில் அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு புன்னகை தோன்றியது. மேகம் இறங்கிவந்து தரையில் அமர்ந்தால் புதராகிவிடும் என்று நாங்கள் முடிவு செய்தோம். சகோதரர் இருவரும் அப்படியே. உருவம் ஒன்று, உடையின் நிறமே வேறு. கறுப்பு வெள்ளைத் திரையில், யார் மாரியோ, யார் லூயிஜி என்று நாங்கள் அடிக்கடி தடுமாறினோம்.

பின்னாளில் மின்னணுத் துறையில் பயின்றபோதுதான் இதன் காரணம் விளங்கியது. அன்று நாங்கள் ஆடியது அசற்கருவி அன்று. அதைப் பார்த்துச் செய்த போலி. அசலைப் படைத்தது நிண்டெண்டோ நிறுவனம். 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யும் கடையாகத் தொடங்கியது அது. மசாயுகி உவேமுரா என்னும் பொறியாளர் தலைமையில் அக்கருவி உருவாகி, 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் பணி நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அவ்விளையாட்டு முழுவதும், ஓவியம், இசை, விதிகள் அனைத்தும் சேர்ந்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பன்மடங்கு இடம் கொள்ளும். இடமில்லாத வறுமையில் அவர்கள் ஒரு வழி கண்டனர். மேகத்தை ஒருமுறை வரைந்து, வெண்மை பூசி வானில் வைத்தனர்; அதையே பசுமை பூசித் தரையில் வைத்தனர். வண்ணத் தொலைக்காட்சியில் ஆடியவர் பலர் இதைக் கவனித்ததில்லை. நிறம் கண்ணை மயக்கிவிடுகிறது. நிறம் இல்லாத எங்களுக்கு வடிவம் தெரிந்தது.

இக்கருவிகளின் தொடக்கமே நிறமற்றதுதான். ரால்ப் பேயர் என்பவரின் ஆக்கத்திலிருந்து 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஒடிசி' என்னும் முதல் வீட்டுக் கருவி, கரிய திரையில் வெண்புள்ளிகளை மட்டுமே காட்டியது. மக்கள் வண்ணத்தாளைத் திரைமேல் ஒட்டி ஆடினர். கேசட்டை மாற்றி மாற்றி ஆடும் வழக்கம் 1976இல் வந்தது. அக்கருவியை ஆக்கிய குழுவை நடத்தியவர் ஜெர்ரி லாசன் என்னும் கறுப்பினப் பொறியாளர். நம் ஊரிலோ, தொண்ணூறுகளில் எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலும் நேஷனல் மார்க்கெட்டிலும் போலிக் கருவிகள் குவிந்தன. தொண்ணூற்றொன்பது இலட்சத்துச் சொச்சம் விளையாட்டுகள் ஒரே கேசட்டில் உள்ளதாக மேலே அச்சிட்டிருப்பர். உள்ளே ஆடிப்பார்த்தால் சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். ஏமாந்தவர்களுள் நானும் ஒருவன்.

ஆறாம் நாள் நாங்கள் வீடு திரும்பினோம். எங்கள் வீட்டுக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. அஜ்ஜிக்கு என் பெற்றோர் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை, மறுநாள் காலை வழக்கம்போல் வாசலில் நின்று, "திண்டி ஆய்தா?" என்றுதான் கேட்டார். அதன்பின் அந்த ஐந்து இரவுகளைப் பற்றி இரு வீட்டாரும் பேசிக்கொண்டதே இல்லை. வெட்கமா, வேதனையா, நான் அறியேன். சில ஆண்டுகளில் தந்தையார் ஓய்வு பெற்றார். குடியிருப்பை விட்டு நீங்கினோம். அஜ்ஜி மறைந்த செய்தி எனக்கு எட்டியபோது ஓராண்டு கடந்திருந்தது. சொல்லாத நன்றி சொல்லாததாகவே நின்றுவிட்டது.

சென்ற ஆண்டு, அயல்நாட்டில் வாழும் அப்பேரன் வீட்டைக் காலிசெய்ய வந்திருந்தான். என்னைத் தேடிப்பிடித்து, துணியில் சுற்றிய அதே பொதியை என் கையில் தந்தான். "உன்னிடம் இருக்கட்டும்" என்றான். பழைய கம்பிகளைச் சீர்செய்து, என் மகளை அருகில் அமர்த்தி, இன்றைய அகன்ற தொலைக்காட்சியில் இணைத்தேன். வானம் நீலமாக ஒளிர்ந்தது. அவள் களிப்போடு ஆடினாள். மேகத்தையும் புதரையும் காட்டி, "ஏதேனும் தெரிகிறதா?" என்றேன். "மேகம், செடி" என்றாள். தொலைக்காட்சியின் அமைப்புக்குள் சென்று வண்ணத்தைச் சுழியமாகக் குறைத்தேன். ஒலியையும் அடக்கினேன். அவள் சற்று உற்றுப் பார்த்தாள். "அப்பா, இரண்டும் ஒன்று!" என்றாள். அன்றுதான் அவளுக்கு அஜ்ஜியின் கதையைச் சொன்னேன்.

அன்பர்களே, 1991 முதல் திரையிட்டு மூடியிருந்த அல்சூர் வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அரசுகள் செய்யத்தக்கதை அரசுகள் செய்தன. வீடுகள் செய்யத்தக்கது எஞ்சியிருக்கிறது. உங்களுள் எத்தனையோ பேருக்கு ஓர் அஜ்ஜி இருந்திருப்பார். அவர் வாழ்கிறாரெனில், இவ்வாரமே சென்று நன்றி சொல்லிவாருங்கள். மறைந்துவிட்டாரெனில், அவர் வழியினரை அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைத்து வாருங்கள், முன்வரிசையில் அமர்த்துங்கள். நான் அப்பேரனுக்கு அழைப்பு அனுப்பிவிட்டேன். அவன் வரும்போது, இரண்டாவது கைப்பிடி அவனுக்காகக் காத்திருக்கும்.