வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

(நாமக்கல்லில் மாணவர்களும் தோழர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'செழிப்பான சிற்றூர்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். வறுமையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் எங்கள் ஆட்கள் விடிய விடியச் சொல்வார்கள். செழிப்பைப் பற்றி எங்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன்.

நான் பிறந்தது காவிரிக் கரையில், ஜேடர்பாளையத்துக்கும் மோகனூருக்கும் நடுவில் ஒரு ஊரில். பேர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஓர் ஊர்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள். அந்தக் கரை நெடுகிலும் ஊர்கள் அப்படித்தான். ஜேடர்பாளையத்துப் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் எல்லாம் அந்தக் குடும்பம்தான். மேட்டூர் அணை முடிந்தது 1934-ல். இந்த வாய்க்கால் அதற்கு வெகு காலம் முந்தியது. ராசிபுரம் பக்கத்து மேட்டாங்காட்டுக்காரன் வானத்தைப் பார்த்துச் சோளமும் கடலைக்காயும் விதைத்த காலத்திலும் எங்கள் ஊரில் வெற்றிலை, வாழை, கரும்பு, கோரை என்று பச்சை மாறாது. வெற்றிலை கவுளி கவுளியாக வேலூர்ச் சந்தைக்குப் போகும். பரமத்தி வேலூரைச் சொல்கிறேன். கரும்பு மோகனூர் ஆலைக்குப் போகும், மிச்சம் கொட்டகையில் காய்ச்சி வெல்லமாகிப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். மராமத்துக்கு அடைக்கிற நாள் போக வருசத்தில் பெரும்பகுதி வாய்க்காலில் தண்ணீர். இந்தச் 'தண்ணீர் ஓடும்' என்பதை மனசில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

நான் கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போனவன். கடலை முதலில் பார்த்தது அப்போதுதான். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் பங்களாக்களைப் பார்த்தேன். மணலை ஒட்டி மதில், மதிலுக்குள் தென்னை, காற்று. மீன்பிடிக் குப்பம் ஒதுங்கி நிற்கும். சேரி அதற்கும் அப்பால், காற்று வராத பக்கம். பார்த்ததும் டிரைவரண்ணனிடம் சொன்னேன்: "அண்ணா, எங்கூரு மாதிரியே இருக்குது." அவர் சிரித்தார். 2004 சுனாமிக்குப் பின்னால் நாகப்பட்டினம் பக்கம் நிவாரண முகாமிலும், தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் தலித்துகளை ஒதுக்கினார்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. ஆறோ கடலோ, தண்ணீரை ஒட்டினாற்போல் யார் இருக்கிறார்கள், தள்ளி யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஊரின் வரைபடம் வந்துவிடும்.

சரி, செழிப்புக்கு வருகிறேன். எங்கள் அய்யன் தோல் வேலைக்காரர். வாய்க்கால் ஏறாத மேட்டுத் தோட்டங்களுக்குக் கிணறுதான். கிணற்றுக்குக் கவலை. கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுப்பது மாதாரியின் வேலை. கிழிந்தால் ஓடிப்போய்த் தைக்க வேண்டும். கூலி என்று கையில் காசு கிடையாது, வருசத்துக்கு இவ்வளவு தானியம் என்று அளப்பார்கள். இதில் ஒரு சங்கதி பாருங்கள். மாதாரி தொட்டுத் தைத்த தோல், அவன் ஊறவைத்து அடித்து வளைத்த தோல், கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரை மொண்டு மேலே கொண்டுவரும். அந்தத் தண்ணீரைக் கவுண்டர் குடிப்பார், மாடு குடிக்கும், பயிர் குடிக்கும். தீட்டு இல்லை. அதே மாதாரி தாகத்துக்கு அந்தக் கிணற்றுப் படியில் கால் வைத்தால் தீட்டு. சாஸ்திரம் படித்தவர்கள் இதற்கு என்ன விளக்கம் கொடுப்பார்கள் என்று தெரியாது. எங்கள் அம்மாயி கொடுத்த விளக்கம் இது: "தோலு பேசாது சாமி, நாம பேசுவோம்ல."

கொடிக்கால் கதை வேறு. வெற்றிலைக் கொடி லட்சுமி என்பார்கள். செருப்போடு போகக்கூடாது, தீட்டுக்காரப் பெண் போகக்கூடாது, நாங்கள் எப்போதுமே போகக்கூடாது. ஆனால் அகத்தி நட வரப்பு வெட்டவும், மண் அணைக்கவும், எரு சுமக்கவும் நாங்கள்தான். எரு கொடிக்காலின் ஓரம் வரைக்கும் போகும். ஓரத்திலிருந்து வேறு ஆள் வாங்கிக்கொள்வான். அந்த ஓரம் எங்கே முடிகிறது என்று ஐந்து வயதிலேயே எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லைக்கோடு பற்றிப் பாடம் நடத்தியபோது நான் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

கரண்ட் மோட்டார் வந்தது. கவலை போனது, கவலையோடு தோல் வேலையும் போனது. வெற்றிலையிலும் கரும்பிலும் சேர்ந்த பணம் எங்கே போனது? நாமக்கல்லில் லாரிப் பட்டறை ஆனது, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி ஆனது, கோழிப்பண்ணை ஆனது, விடுதியோடு கூடிய பெரிய பெரிய பள்ளிக்கூடம் ஆனது. 1997-ல் சேலத்திலிருந்து பிரித்து நாமக்கல்லைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். உழைப்பால் உயர்ந்த மாவட்டம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உழைப்பு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, யாருடைய உழைப்பு என்பதில்தான். எங்கள் வளவுப் பையன்கள் லாரிக்குக் கிளீனராகப் போனார்கள், ரிக் வண்டியில் ஏறி ஆந்திரம் தாண்டிப் போனார்கள், கோழிப்பண்ணையில் எரு அள்ளினார்கள். 1989-ல் சத்துணவில் முட்டை போட்டபோது எங்கள் பிள்ளைகள் தட்டில் விழுந்த முட்டையை நாங்கள் நன்றியோடுதான் சாப்பிட்டோம். அந்த முட்டைக்குக் கீழே கிடந்த எருவை அள்ளியது யார் என்பதையும் மறக்கவில்லை.

இப்போது வெல்லக் கொட்டகையில் எங்கள் ஆட்கள் குறைவு. வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023 மே மாதம் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒடிசாத் தொழிலாளர்கள் மீது தீ வைத்தார்கள், ஒரு இளைஞன் செத்துப்போனான். நம்மில் எத்தனை பேர் போய் நின்றோம்? நானும் போகவில்லை. சொல்லாமல் மறைத்தால் அது தப்பு.

காந்தியார் வழிக்காரர்கள் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்தார். கதர் நூற்கச் சொன்னார், கள்ளை விடச் சொன்னார். 1937-ல் முதல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில்தான். இந்தப் பக்கம், 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானதும் சேலம் மாநாட்டில்தான். இரண்டு பெரிய இயக்கம் இந்த மண்ணில் கால் ஊன்றியது. வாய்க்கால் பாலம் மட்டும் எங்களுக்குத் திறக்கவில்லை.

அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கள் வளவு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். சுடுகாடு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில். நடுவில் பாலம் ஒன்று. பாலத்தைத் தாண்டினால் ஊர்த் தெரு, கோயில் வாசல். உயிரோடு இருப்பவன் சைக்கிளை விட்டு இறங்கி அந்த வழியே போகலாம். பிணம் போகக்கூடாது. 1987 கார்த்திகையில் அய்யன் செத்தார். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். தப்பட்டை அடித்தவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள், நனைந்தால் தோல் போய்விடும். நாங்கள் எட்டுப் பேர் பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினோம். நடு வாய்க்காலில் சித்தப்பாவுக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து அய்யனின் கை தண்ணீரில் நனைந்தது. பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அடுத்த தெரு, அவர்களும் தாழ்த்தப்பட்டவர்கள்தான், அவர்களும் நின்று பார்த்தார்கள். இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தது 1927 மார்ச் 20. அது எங்கள் உரிமைதான் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது 1937-ல், பத்து வருசம் கழித்து. அங்கே தண்ணீரைத் தொடாதே என்றார்கள். எங்கள் ஊரில் பிணத்தோடு தண்ணீரில் இறங்கு என்கிறார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். அய்யன் கை நனைந்த அந்தத் தண்ணீர் நின்றுவிடவில்லை, கீழே ஓடிக் கொடிக்காலுக்குத்தான் பாய்ந்தது. அந்த வெற்றிலை எந்தக் கல்யாணத்துத் தாம்பாளத்துக்குப் போனதோ!

சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் கொண்டுவந்து, 2016 ஜனவரி 26 முதல், ஆறு, குளம், பொதுவழி, சுடுகாடு இவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். சட்டம் வந்து மூன்று வருசம் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் வழி விடாததால் பாலாற்றுப் பாலத்திலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே படம் பார்த்தது. நம் பக்கம் கோகுல்ராஜ். 2015 ஜூன் 23-ல் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போன பொறியியல் பட்டதாரி, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். 2022-ல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை வாங்கினோம். அந்தத் தாய் நீதிமன்றத்துக்கு ஏழு வருசம் நடந்தார்.

நாங்கள் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறோம். ஒரு முறை தனிப் பாலம் கட்டித் தருகிறோம் என்றார் ஓர் அதிகாரி. எங்களுக்கென்று தனிப் பாலமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இருக்கிற பாலம் போதும். இங்கே வந்திருக்கிற மாணவர்களில் சட்டம் படிக்கிறவர்கள் ஐந்தாறு பேர் கையைத் தூக்கினீர்கள். மனுவின் நகல்கள் என் பையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. எங்கள் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வாரம் கூப்பிட்டு, "தண்ணி எப்படா அடைப்பாங்க?" என்று கேட்டார்.