சாவிக்கொத்தும் மாத்திரையும்

(எழுத்தறிவு மையம் ஒன்றில், தேசிய வலிப்பு நோய் நாளையொட்டி நடந்த பேச்சு)

 

ஆண்டுதோறும் நவம்பர் 17ஆம் நாள் நம் நாட்டில் தேசிய வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதனால் இன்று வலிப்பு மருந்துகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்த மருந்துகள் எப்படிக் கிடைத்தன? அவை வேறு எந்த நோய்களுக்குப் பயன்படுகின்றன? எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? இந்த மூன்றையும் பார்ப்போம்.

இரும்பு வலிப்பை நிறுத்துமா?

முதலில் ஒரு கேள்வி. கடைத்தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். கை கால் இழுக்கிறது. வாயில் நுரை வருகிறது. கூட்டம் கூடிவிடுகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்?

"சாவி இருந்தா கையில குடுங்கப்பா!" என்று ஒருவர் சத்தம் போடுகிறார். இன்னொருவர் சாவிக்கொத்தை எடுத்து விழுந்தவர் கையில் வைத்து அழுத்துகிறார். ஒன்றிரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றுவிடுகிறது. "பார்த்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு!" என்கிறார்கள்.

வலிப்பு நின்றது உண்மைதான். ஆனால் இரும்பால் நின்றதா?

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவி கொடுத்தாலும் நிற்கும். கொடுக்காவிட்டாலும் நிற்கும். வெறும் கையில் விட்டுப் பார்த்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நாம் அப்படி விட்டுப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

மந்திரித்துக் கட்டும் தாயத்தும் இப்படித்தான். சிலருக்கு வலிப்பு வந்தபின் ஆறு மாதம் வராமலே இருக்கும். அந்த நேரத்தில் தாயத்துக் கட்டினால் பெயர் தாயத்துக்குப் போய்விடும்.

ஆராய்ச்சி என்பது என்ன? ஒன்றைக் கொடுத்தும் பார்ப்பது, கொடுக்காமலும் பார்ப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பது. அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் எளிதாகப் புரியும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடு ஒன்று மிகச் சிறிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. வகுப்பில் ஒருவர் பேச மற்றவர் கேட்டால் பாடம் நடக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால்? ஒன்றும் நடக்காது. மூளையில் பல அணுக்கள் ஒரே நேரத்தில் இப்படிக் கத்துவதுதான் வலிப்பு.

இது பேயும் அல்ல, பிசாசும் அல்ல, சாபமும் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டவும் ஒட்டாது. தலையில் அடிபடுவது, பிறக்கும்போது மூளைக்குக் காற்று கிடைக்காமல் போவது, மூளைக் காய்ச்சல், நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய் மூளையில் கட்டியாவது, இப்படிப் பல காரணங்கள் உண்டு. சிலருக்குக் காரணம் தெரிவதில்லை.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான மருந்து கிடைத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்றும் அது சொல்கிறது.

மருந்துகள் வந்த கதை

உண்மையில் பலன் தந்த முதல் வலிப்பு மருந்து புரோமைடு என்ற உப்பு. 1857இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் அதைப் பற்றிச் சொன்னார். வலிப்புக் குறைந்தது. ஆனால் ஆள் எப்போதும் மந்தமாக இருப்பார். தோலில் கொப்புளமும் வரும்.

1912இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர் இருந்தார். ஃபீனோபார்பிட்டால் அப்போது புதிய தூக்க மருந்து. வலிப்பு நோயாளிகள் இரவில் அமைதியாகத் தூங்கட்டும் என்று அதைக் கொடுத்தார். தூக்கம் வந்தது. அதோடு வலிப்பும் குறைந்தது. அவர் அதைக் கவனித்து எழுதி வைத்தார். 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விலை குறைந்த அந்த மாத்திரை இன்றும் பயன்படுகிறது.

அடுத்தது ஃபெனிட்டாயின். இது தற்செயலாகக் கிடைத்தது அல்ல. அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்ற இருவர் பல மருந்துகளைப் பூனைகளிடம் சோதித்துத் தேடினார்கள். 1938இல் மனிதருக்கும் பலன் தருவதைக் காட்டினார்கள். தூக்கம் வராமலே வலிப்பை அடக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான்காவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சு நாட்டில் சிலர் புதிய மருந்துகளைச் செய்து சோதித்தார்கள். அவை தண்ணீரில் கரையவில்லை. அதனால் வால்ப்ரோயிக் அமிலம் என்ற திரவத்தில் கரைத்தார்கள். சோதித்தால் ஒவ்வொன்றும் வலிப்பைத் தடுத்தது! நாமாக இருந்தால், "எல்லாமே நல்ல மருந்து" என்று மகிழ்ந்திருப்போம். அவர்கள் சந்தேகப்பட்டார்கள். எதைப் போட்டாலும் பலன் வருகிறதே, அப்படியானால் பலன் மருந்தில் இல்லாமல் திரவத்தில் இருக்குமோ? திரவத்தை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். அதுதான் உண்மையான மருந்து! 1963இல் இது வெளியானது. வால்ப்ரோயேட் என்ற மருந்து இப்படித்தான் வந்தது.

கவனித்தீர்களா? சாவியை எடுத்துவிட்டு வெறும் கையைப் பார்க்க நாம் மறந்தோம். அவர்கள் மறக்கவில்லை.

நம் நாட்டிலும் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் எளந்தூர் என்ற தாலுகா இருக்கிறது. டாக்டர் கே.எஸ். மணியும் அவருடைய குழுவும் அங்கே கிராமத்து மக்களுக்கு ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டாயின் ஆகிய மலிவான மாத்திரைகளையே கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்ட பலருக்கு வலிப்பு நின்றது. 2001இல் இந்த முடிவு உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் வந்தது. பெரிய நகரமும் விலை கூடிய மருந்தும் இல்லாமலே வைத்தியம் செய்யலாம் என்பதை எளந்தூர் மக்கள் உலகுக்குக் காட்டினார்கள்.

அதே கர்நாடகத்தில், தலையில் சூடான தண்ணீரை ஊற்றிக் குளிக்கும்போது வரும் ஒரு வலிப்பும் அதிகம். தண்ணீர்ச் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு அது அடங்குகிறது. சிலருக்குக் குளிப்பதற்கு முன் குளோபசாம் மாத்திரை கொடுக்கிறார்கள்.

ஒரே மாத்திரை, பல நோய்கள்

வலிப்பு மருந்து என்ன செய்கிறது? கத்துகிற நரம்பை அமைதிப்படுத்துகிறது. நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்யும் நோய்கள் வேறும் உண்டே! அவற்றுக்கும் உதவுமா என்று ஆராய்ந்தார்கள்.

முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வலி வரும். பல் துலக்கினால் வரும். காற்றுப் பட்டாலும் வரும். பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பலர். இது முக நரம்பு வலி. கார்பமசெபின் என்ற மாத்திரை இதை நன்றாகக் கட்டுப்படுத்துவது 1962இல் தெரிந்தது.

வால்ப்ரோயேட் மருந்து மனம் மிகவும் பொங்கி, பிறகு மிகவும் சோர்ந்துபோகும் மனநோய்க்குப் பயன்படுகிறது. டோபிரமேட் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கிறது. சர்க்கரை நோயால் கால் எரிச்சல் உள்ளவர்களுக்கு ப்ரீகாபலின் கொடுக்கிறார்கள். அக்கி வந்து ஆறிய பின்னும் நீடிக்கும் வலிக்கு காபாபென்டின் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தலைவலிக்காக ஒரு பெண்ணுக்கு மருத்துவர் இப்படி ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். மருந்துக் கடையில், "இது வலிப்பு மாத்திரை ஆச்சே!" என்கிறார்கள். பக்கத்து வீட்டில் பேச்சுப் பரவுகிறது. பெண் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். இது தேவையா? மாத்திரையின் பெயரை வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். "இது எனக்கு எதற்கு?" என்று மருத்துவரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எல்லா ஆசையும் பலிப்பதில்லை

ஒரு நோய்க்கு நல்ல மருந்து, எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஆகாது.

காபாபென்டினையும் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, மற்றொரு குழுவுக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. 2000ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மருந்து வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. ஆனாலும் நிரூபிக்கப்படாத பலவற்றுக்கு அதைப் பரப்பியதற்காக, 2004இல் அமெரிக்காவில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது.

இன்னொன்று தாய்மார்களுக்கு முக்கியம். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பைப் பிரசவ ஜன்னி என்றும் சொல்வோம். அது தாயையும் குழந்தையையும் கொல்லக்கூடியது. இதற்கு எந்த மருந்து நல்லது? இந்தியா உட்படப் பல நாடுகளில் சுமார் 1,700 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1995இல் முடிவு வந்தது. வழக்கமான வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினைவிட, விலை குறைந்த மக்னீசியம் சல்ஃபேட் ஊசியே மிக நல்லது! அந்த ஊசி எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. கர்ப்பிணிகள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதும், மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதும் இதற்காகத்தான்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால், சுமார் 10 குழந்தைகளில் 1 குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். இதையும் ஆராய்ச்சியே கண்டுபிடித்தது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதிவு செய்து கவனித்து வருகிறது.

அதற்காகப் பயந்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தை மாற்றலாம். ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுப்பார். வலிப்பு நோயுள்ள பெரும்பாலான பெண்கள் நல்ல குழந்தைகளையே பெறுகிறார்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில வலிப்பு மருந்துகள் அதன் பலனைக் குறைத்துவிடும்.

கல்யாணம் பற்றியும் ஒரு சொல். அடிக்கடி வலிப்பு வந்தால் அதைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று சொல்ல முன்பு இந்து திருமணச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999இல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது. நம் மனமும் மாற வேண்டும். நோயை மறைத்துக் கல்யாணம் செய்யும் பெண், புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறாள். ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். அன்று வலிப்பு வருகிறது. முன்பே சொல்லிச் செய்த கல்யாணத்தில் இந்தத் தொல்லை இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

வலிப்பு வந்தவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். வாயில் தண்ணீரோ, கரண்டியோ, எதுவுமே வைக்காதீர்கள். கையைக் காலைப் பிடித்து அழுத்தாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் உடனே 108க்குச் சொல்லுங்கள்.

மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். வலிப்பு நின்றுவிட்டதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. எப்போது குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். புதிய மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடம்பில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை கேட்காத சிலருக்கும் வழி உண்டு. வேறு மருந்துகள் உள்ளன. சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும். திருவனந்தபுரத்தில் 1995 முதல் அது நடக்கிறது.

கடைசியாக ஒன்று. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டு வாங்குங்கள். மாத்திரையின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை எழுதுங்கள். வலிப்பு வந்த தேதியையும், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் எழுதுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் சரியாகச் சொல்ல முடியும். எண்ணிப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி என்று சொன்னேன் அல்லவா? அதை நீங்களும் செய்யலாம்.



கலந்து பேசுவோம்

1. கையில் சாவி கொடுத்ததும் வலிப்பு நிற்பது போலத் தோன்றுவது ஏன்?
2. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் திரவத்தைத் தனியாகச் சோதித்தது ஏன்?
3. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லோருக்கும் வலிப்பு நோய் உண்டா?
4. வலிப்பு நோயுள்ள பெண் குழந்தை பெற விரும்பினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
5. உங்கள் ஊரில் வலிப்பு நோயைப் பற்றி என்னென்ன சொல்கிறார்கள்? அவற்றில் எவை சரி?