விழா ஓய்ந்த ஊர்



அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் ஸ்லைகோ என்றொரு சிறிய நகரம் உண்டு. கவிஞர் யேட்ஸ் தம் இளம் பருவத்து விடுமுறைகளைக் கழித்த நிலம் அது. 1939இல் பிரான்சில் மறைந்த அவருக்கு, 1948இல் அந்நகரை அடுத்த டிரம்கிளிஃப் தேவாலய வளாகத்தில் மறு அடக்கம் நடந்தது. அவர் பெயரால் 1960இல் தொடங்கிய கோடைக்கால இலக்கியப் பள்ளிக்குப் பல நாட்டு அன்பர்களும் வருவர். டிசம்பரிலோ அங்கு மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அட்லாண்டிக் கடற்காற்று மழையைச் சுமந்து வரும். கோடையில் செல்பவர் கவிஞரின் புகழைக் காண்கிறார். குளிர்காலத்தில் செல்பவரோ, கவிஞரைக் கவிஞராக்கிய காற்றையும் மழையையும் காண்கிறார்.

கவிஞர் பிறந்த நம் திருமழிசைக்கும் இது பொருந்தும். தை மகம் திருமழிசையாழ்வாரின் திருநட்சத்திரம். அந்நாள்களில் ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் அடியார் கூட்டம் நிறைகிறது. பந்தல் பிரித்த பிறகு வருவோர் சிலரே. ஐப்பசி அடைமழையில், பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகள் ஊரைத் திரும்பியும் பாராமல் செல்கின்றன. தொழிற்பேட்டையில் பணிமுறை மாறும் வேளைகளில் மட்டும் தெருக்கள் விழிக்கின்றன. நண்பகலில் கோயிற்கதவு அடைத்திருக்க, மதிலோரம் மழைநீர் வடிகிறது. பார்ப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிடுவது எளிது.

ஆனால் ஆழ்வாரின் வரலாறு தொடங்குவதே ஆளில்லாத இடத்தில்தான். பெற்றோரால் விடப்பட்ட குழந்தையைப் பிரம்பு அறுக்க வந்த திருவாளன் என்பவர் கண்டெடுத்து வளர்த்ததாகக் குருபரம்பரை கூறுகிறது. அவ்வாறு வளர்ந்தவரே திருச்சந்த விருத்தத்தின் 120 பாசுரங்களையும், நான்முகன் திருவந்தாதியின் 96 பாசுரங்களையும் அருளினார். பிற தலங்களைப் பாடிய அவர் பிறந்த ஊரோ, 108 திவ்விய தேசங்களின் வரிசையில் இடம்பெறவில்லை. பிறந்த மண்ணைப் பாடும் பணி பின்வந்தோர்க்கு எஞ்சியிருக்கிறது.

ஊர் எப்போது வெறுமையாகிறது என்பதற்கும் அவர் வரலாற்றிலேயே விடை உண்டு. அரசனைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவன் காஞ்சியைவிட்டு வெளியேறப் பணித்தான். சீடனுடன் ஆழ்வார் புறப்பட, அவர் சொற்படி பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்பது வரலாறு. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள்; மாளிகைகளும் இருந்தன. ஆயினும் நகரம் பொலிவிழந்தது. அரசன் மன்னிப்பு வேண்டிய பின்னரே மூவரும் மீண்டனர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை எனப் பெயர் பெற்றது. கூட்டம் நீங்கியதால் காஞ்சி வெறுமையாகவில்லை. விலைபோகாத சொல் நீங்கியதால் வெறுமையாயிற்று.

கூட்டத்தால் மட்டும் ஊர் நிறைவதில்லை என்பதைத் திருமழிசையும் அண்மையில் கண்டது. கொரோனா தொற்றினால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, 2020 மே மாதத்தில் இங்குத் தற்காலிகக் காய்கறிச் சந்தை திறக்கப்பட்டது. சென்னை மாநகரமே உணவுக்காக இவ்வூரை நோக்கிற்று. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மீண்டும் திறந்ததும் வணிகர் போயினர், லாரிகளும் போயின. விலைப்பட்டியலும் சேறும் செய்தியாயின. நள்ளிரவில் மூட்டை சுமந்தவரின் முதுகு எத்தனை கவிதைகளில் இடம்பெற்றது என்பது கவிஞர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

விழா நாளில் ஊரைப் பாடுவோர் பலர். அன்று மேளமும் மாலையும் ஒளியுமே கவிதைக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. விழா ஓய்ந்த நாளில் அந்தத் துணை இல்லை. அடைத்த கதவும், நனைந்த தெருவும், பணி முடிந்து நடக்கும் தொழிலாளியுமே எஞ்சுகின்றனர். அவர்களிடமிருந்து ஒரு சொல்லைப் பெறுபவரே அவ்வூரை அறிந்தவர்.

பத்தாண்டு நிறைவு ஒரு விழா. ஆனால் ஓர் இலக்கிய வட்டத்தை வாழவைப்பவை விழாக்கள் அல்ல. நாற்காலிகள் காலியாக இருக்க, நான்கு பேர் மட்டும் அமர்ந்து ஒரு கவிதையைக் கேட்கும் மழைநாள் மாலைகளே. அந்த மாலைகளில் விளக்கு அணையாதிருக்கும்வரை, இந்த ஊரும் வெறுமையாகாது.