மங்குக்கு க்ரீம் வாங்கும் முன்
கன்னத்துல மங்கு விழுந்தா, நாம முதல்ல ஓடுறது மருந்துக் கடைக்குத்தான். நானும் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆச்சு. நிறுத்தினதும் எரிச்சல், சிவப்பு, பரு. மங்கும் திரும்பி வந்துடுச்சு. ஸ்டான்லி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டிய பிறகுதான் அது ஸ்டீராய்டு என்று தெரிந்தது.

டியூப்பில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். முகத்தில் முடியும் வளரும். ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசு ஆணை போட்டது.

மங்கைக் கூட்டுவது வெயில். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் வரலாம். வெளியே போனா குடை பிடிங்க, இல்லேன்னா முந்தானையால மூடுங்க. ஏற்கெனவே பூசுறவங்க டாக்டரைப் பார்த்து நிறுத்துங்க. நிறம் கொஞ்சம் குறைஞ்சா என்ன, தோல் நல்லா இருக்கணும்.