காணாமற் போனாரைத் தேடும் கடமை

(சங்கத்தின் அம்பத்தூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு அழகு செய்யும் பொருளன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் காவல் நிலையச் சுவர்களிலும் புகைவண்டி நிலையத் தூண்களிலும் நாம் பார்த்தும் பாராமற் செல்லும் ஒரு தாளைப் பற்றியது. மேலே ‘காணவில்லை’ என்னும் தலைப்பு. நடுவே ஒரு முகம். கீழே உயரம், நிறம், உடுத்தியிருந்த உடை. மழை வந்தால் அத்தாள் கரைந்து போகின்றது. அதனை ஒட்டிய வீட்டாரின் துயரம் கரைவதில்லை. ஆண்டுகள் பல கடந்தும் மீளாதவரைத் தேடும் தொண்டர்கள் எவ்வாறு பணி செய்கின்றனர், அப்பணியில் நமக்குரிய பங்கு யாது என்பனவற்றைச் சொல்வதே என் நோக்கம்.

இறந்தவர்க்கு ஒரு நாள் உண்டு, திதி உண்டு, நீர்க்கடன் உண்டு. காணாமற் போனவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மனைவி பொட்டு வைப்பதோ நீக்குவதோ என்று அறியாள். மகன் திரும்பினால் வழி தெரியாதே என்று, வாடகை உயர்ந்தும் தாய் அவ்வீட்டை விடாள். சட்டம் இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்கள் 7 ஆண்டுகள் வரை அவரைப் பற்றிக் கேள்விப்படாவிடின், ‘அவர் இருக்கின்றார்’ என்று சொல்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 111-ஆம் பிரிவாக உள்ளது. சொத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இவ்விதி உதவும்; தாய் மனத்துக்கு உதவாது. இலங்கையில் போர்க்காலத்திற் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் படங்களை ஏந்தி அமரத் தொடங்கியபோது, போர் முடிந்து 7 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் நிலை வேறு. எனினும் காத்திருத்தலுக்குச் சட்டம் கணக்கிடும் ஆண்டுகள் அளவாகா என்பதற்கு அவர்களே சான்று.

இனி, நம் பகுதியை நோக்குவோம். தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றது. அம்பத்தூரும் ஆவடியும் அப்பாதையிலேயே அமைந்தன. இன்று அப்பாதை பெங்களூருக்கும் மும்பைக்கும் கேரளத்துக்கும் மக்களைக் கொண்டு செல்கின்றது. நினைவு தடுமாறிய முதியவர் ஒருவர் மாலையில் ஆவடியில் வண்டி ஏறினால், மறுநாள் அவர் மொழி அறியாத ஊரில் இறங்குவார். அவ்வாறே வடநாட்டுப் பெண் ஒருத்தி இங்கே வந்து இறங்குவாள். வீட்டார் அம்பத்தூர்த் தெருக்களில் தேடிக்கொண்டிருக்க, தேடப்படுபவரோ வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவர் இட்ட சோற்றை உண்டுகொண்டிருப்பார்.

யான் சொல்லவந்ததன் கரு இதுவே. நெடுநாட் காணாமற் போனோர் பலர் எவர் கண்ணிலும் படாமல் மறைந்தவர் அல்லர். பலர் கண்டனர், சிலர் உணவளித்தனர், ஓர் இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. வீட்டார் பெயரை அறிவர், இடத்தை அறியார். இல்லத்தார் ஆளை அறிவர், பெயரை அறியார். ஒரு செய்தி ஓர் ஏட்டிலும் மற்றொரு செய்தி மற்றோர் ஏட்டிலும் கிடக்க, இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பாரே இல்லை. தொண்டர் பணி என்பது பெரும்பாலும் அவ்விரண்டு ஏடுகளையும் சேர்த்து வைத்தலேயாகும்.

இதற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. முகப்பேரில் ‘பேன்யன்’ நிறுவனத்தின் அடைக்கலம் என்னும் இல்லம் உள்ளது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரு பெண்மணிகள் தொடங்கிய நிறுவனம் அது. மனநோயுற்றுத் தெருவில் அலையும் பெண்களை அழைத்து வந்து, மருத்துவம் செய்து, தெளிந்தபின் ஊரும் உறவும் கேட்டறிந்து வீட்டிற் சேர்ப்பது அதன் பணி. திருவேற்காட்டில், வித்யாகர் 1983-இல் தொடங்கிய உதவும் கரங்கள் நிறுவனமும் கைவிடப்பட்டோரைக் காத்து வருகின்றது. ஆவடி வழியே செல்லும் மும்பை வண்டிகள் மராட்டிய நாட்டுக் கர்ஜத் என்னும் ஊரைக் கடந்து செல்கின்றன. அவ்வூரில் மருத்துவர் பரத் வத்வானியின் ‘சிரத்தா’ இல்லம் 2006 முதல் இதே தொண்டைச் செய்கின்றது. அதற்காக அவர் 2018-இல் மகசேசே விருது பெற்றார். நம் வீட்டுப் பிள்ளை அங்கும் இருக்கலாம். அவ்வூர்ப் பெண் நம் முகப்பேரிலும் இருக்கலாம்.

பெயரே சொல்லாத ஒருவரின் ஊரை எவ்வாறு கண்டறிவது? ஈண்டு நளன் கதை நமக்கு வழிகாட்டும். கார்க்கோடகன் தீண்டியதால் நளன் உருமாறினான்; வாகுகன் என்று பெயரும் மாறினான். தமயந்தி அவனை முகத்தால் தேடவில்லை. அவன் ஒருவனே விடைசொல்லக் கூடிய வினாவைத் தூதரிடம் கொடுத்து நாடெங்கும் அனுப்பினாள். விடை வந்தபின் அவன் தேரோட்டிய திறத்தாலும் சமைத்த உணவின் சுவையாலும் உறுதி செய்துகொண்டாள். இன்றைய தொண்டர் செய்வதும் அதுவே. பத்தாண்டு கடந்தால் முகம் மாறும், உடல் மெலியும், தலை நரைக்கும். பேச்சு எளிதில் மாறாது. கொங்கு நாட்டார் பேச்சும் நெல்லைச் சீமையார் பேச்சும் நோயிலும் நிலைக்கும். குலதெய்வத்தின் பெயர், திருவிழா நடக்கும் மாதம், ஊரை ஒட்டிய ஆறு, படித்த பள்ளி, படம் பார்த்த கொட்டகை ஆகியவற்றுள் ஒன்று ஒருநாள் வாயினின்று உதிரும். அதனைப் பிடித்துக்கொண்டு தொண்டர்கள் அவ்வட்டாரத்துக் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தொலைபேசியில் உசாவுகின்றனர்.

பள்ளி என்றதும் ஆசிரியனாகிய யான் ஒன்று கூறுவேன். நம் நாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களில் மாணவனின் அங்க அடையாளங்கள் இரண்டு எழுதப்படுவதை யாவரும் அறிவீர்கள். வலக்கன்னத்து மச்சம், இடமுழங்கால் தழும்பு என்று எழுதிவிட்டு எவரும் பின்னர் அதனைப் பார்ப்பதில்லை. நிழற்படம் கைவிடும் இடத்தில் அம்மச்சம் கைகொடுக்கும். பழைய சான்றிதழை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டு ஏடுகளைச் சேர்த்தல் என்றேன். உலகம் இதனைப் பெரிய அளவிற் செய்து காட்டியது 1914-இல். முதல் உலகப் போர் மூண்டபோது செஞ்சிலுவைச் சங்கத்தார் ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கென ஒரு நிலையம் அமைத்தனர். பகைநாடுகள் அனுப்பிய கைதிப் பட்டியல்களிலிருந்து ஓர் அட்டை. வீட்டார் எழுதிய கடிதத்திலிருந்து ஓர் அட்டை. இரண்டும் ஒரே பெட்டியில் எழுத்து வரிசைப்படி அடுக்கப்பட்டன. ஒரே பெயருடைய இரு அட்டைகள் அடுத்தடுத்து வந்து நின்ற அன்று, ஒரு வீட்டுக்கு விடை சென்றது. எழுத்தாளர் ரோமேன் ரோலந்தும் அங்கே தொண்டராய் அமர்ந்து பணிபுரிந்தார். நம் நாட்டிலும் சான்று உண்டு. 1946-இல் இராஜாராம் திவாரி என்பவர் அலகாபாத்துத் திருவிழாக் கூட்டத்தில் வழிதவறியோர்க்கென ஒரு முகாம் தொடங்கி, 2016-இல் மறையும்வரை அதனை நடத்தினார். மேற்கு வங்க வானொலிக் கழகத்தார் தம் பொழுதுபோக்குக் கருவியாகிய ஹாம் வானொலியைக் கொண்டே, கங்காசாகர் விழாவிற் பிரிந்தோரையும் பல்லாண்டு பிரிந்தோரையும் வீடு சேர்க்கின்றனர். இவர்கள் எவரும் செல்வத்தை முதலாகக் கொண்டு தொடங்கியவர் அல்லர். பொறுமையே இவர்கள் முதல்.

நிற்க. நாம் அறிந்திருக்க வேண்டிய சில விதிகளைச் சொல்வேன். காணாமற் போனவர் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வீண்பேச்சு. அப்படி ஒரு சட்டம் இல்லை. குழந்தையாயின் உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 மே மாதத்தில் கட்டளையிட்டது. மனநோயுற்று வீடின்றி அலைபவரைக் கண்டால், காணாமற் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே தெருவோரத்தில் அத்தகையவரைக் கண்டால், சோறு கொடுத்ததோடு நில்லாமல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். ஆவடிக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில்தான் தோன்றியது. அதற்கு முற்பட்ட புகார் உடையவர்கள் நிலையத்தின் பெயர், எண், நாள் ஆகியவற்றை எழுதி வைத்து, அக்கோப்பு இன்று எங்குள்ளது என்று நேரில் உசாவுதல் நலம். வாட்ஸப்பில் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பரப்புவோர் ஒன்று நினைவிற் கொள்க: ‘உம் மகன் எம்மிடம் உள்ளான், பணம் அனுப்பு’ என்னும் வஞ்சகர் முதலில் அழைப்பர். காவல் நிலைய எண்ணைக் கொடுப்பதே தக்கது.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். எனினும் நம் சங்கத்தில் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது?

முதலாவது, நாம் மறைக்கின்றோம். வீட்டில் ஒருவர்க்கு மனநோய் என்றால் மற்றப் பெண்களுக்கு வரன் வாராதே என்று, போனவரைத் தேடாமலே ‘வெளியூரில் வேலை’ என்று சொல்லிவிடுகின்றோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கு இரையாயினர். அவர்களும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டவர்களே. மானத்தின் பெயரால் தேடாமல் விட்ட ஒருவர் இருமுறை காணாமற் போகின்றார்.

இரண்டாவது, எல்லாத் தேடலும் தொண்டு ஆகாது. வயது வந்த பெண்ணும் ஆணும் தம் விருப்பத்தால் மணந்து சென்றால், அவர்கள் காணாமற் போனவர்கள் அல்லர். அவர்களைத் துரத்தச் சங்கத்தின் பெயரும் கைப்பேசிக் குழுவும் பயன்படுமாயின், அது தேடுதல் அன்று, வேட்டை. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இத்தகைய தலையீடு சட்ட விரோதம் என்று தெளிவாக உரைத்தது. தெளிந்த அறிவோடு வீட்டை நீங்கியவர் இருக்குமிடத்தை, அவர் இசைவின்றி நாம் எவர்க்கும் சொல்லலாகாது. ‘உயிரோடு நலமாயுள்ளார்’ என்ற ஒரு சொல்லையும் அவர் இசைந்தால் மட்டுமே வீட்டார்க்குச் சேர்ப்போம். இவ்வுறுதி இல்லையேல் இப்பணியைத் தொடங்காதிருத்தலே மேல்.

மூன்றாவது, நம் ஏட்டில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டா. பெயரை மறந்தவர் குலத்தை எங்ஙனம் சொல்வார்? கர்ஜத்தில் நம் பிள்ளைக்கு மருந்து கொடுத்தவர் அவன் எக்குலம் என்று கேட்டுக் கொடுக்கவில்லை. நம்மவரை மட்டும் தேடும் ஏடு, நம்மவரைக்கூடக் கண்டுபிடிக்காது.

திரும்பி வந்தபின் நேர்வதும் உண்டு. பங்கு பிரித்துக்கொண்ட தமையன்மார்க்கு வந்தவர் பாரமாவார். மருந்தை நிறுத்திவிட்டால் மறுபடியும் வெளியேறுவார். ஆதலின் வீட்டிற் சேர்த்த பின்னும் ஓராண்டேனும் மாதம் ஒருமுறை சென்று கேட்டல் வேண்டும். ஏற்க வீடே இல்லாதாரைச் சிலராகச் சேர்த்து, ஊர் நடுவே வாடகை வீட்டில் துணையோடு வாழச் செய்யும் முறையைப் பேன்யன் நிறுவனத்தார் 2015 முதல் நடத்தி வருவதையும் நினைவிற் கொள்க.

முடிவாக, யான் வேண்டுவது சிறிது. ஆடவர் மூவரும் பெண்டிர் இருவரும் முன்வருக. ஒரே ஓர் ஏடு போதும். நம் பகுதியில் எவர் வீட்டில் எவர் காணவில்லையோ, அவர் இளமைப் பெயர், அங்க அடையாளம், பேசும் மொழி, பழக்கம், புகார் எண் ஆகியவற்றை அதில் எழுதுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, இசைவு பெற்று, ஓர் இல்லத்துக்குச் செல்வோம். படைத்துறையிலும் இரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் பலர் நம்முள் உள்ளனர். அவர்கள் அறிந்த இந்தியும் மராத்தியும் தெலுங்கும் அங்கே மருந்துக்கு நிகராகும். அங்குள்ள பெண் ஒருத்தி தன் மொழியில் ஒரு வினாவைக் கேட்டுத் தன் ஊர்ப் பெயரைச் சொல்லுவாளாயின், எங்கோ ஒரு தாயின் காத்திருத்தல் முடியும். நம் வீட்டாரின் ஊர்ப் பெயரையும் அவ்வாறே எங்கோ ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்னும் நம்பிக்கையோடு இதனைத் தொடங்குவோமாக.