எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்?

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். தேன்கூடு மாதிரி ஒரு சட்டகம், உள்ளே பச்சைப் பந்துகள். "சேர், தண்ணியில இருக்கிற புளோரைட்டை அப்பிடியே பிடிக்குமாம்" என்று கீழே எழுதியிருந்தார். இரசாயனச் சஞ்சிகைகள் தங்கள் சிறந்த ஆய்வுகளை இப்போது இப்படித்தான் படமாக்கி முன்னுக்கு வைக்கின்றன. படம் அழகுதான். படத்தோடு நின்றுவிடுகிற பழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்?

இதற்கு விடை செய்முறைப் பகுதியில் இருக்கும். அதைப் படிக்க முன்பு ஒரு கட்டுரைக்கு 30 டொலருக்கு மேல் கேட்டார்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடிவைத்த நாட்கள் எனக்கு நிறைய. ஆனால் பிரித்தானியாவின் அரச இரசாயனச் சங்கம் நடத்தும் 'கெமிக்கல் சயன்ஸ்' 2015இலிருந்து வாசிப்பவரிடமும் காசு வாங்குவதில்லை, எழுதுபவரிடமும் வாங்குவதில்லை. அதே சங்கத்தின் 'ஆர்.எஸ்.சி. அட்வான்சஸ்' 2017இல் திறந்த சஞ்சிகையானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற பிள்ளையும் இலண்டனில் இருக்கிற பேராசிரியரும் ஒரே நாளில் ஒரே அட்டவணையைப் பார்க்கலாம்.

அந்தத் தேன்கூடு உலோக-சேதனச் சட்டகம். 2025ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான் போனது. சிர்க்கோனியம் முடிச்சுகள் உள்ள சட்டகங்கள் புளோரைட்டை நன்றாகப் பிடிக்கும். சிர்க்கோனியம் கிடைக்கும் சிர்க்கன் மணல் கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டையிலேயே இருக்கிறது.

இனி என் மனதுக்குப் பிடித்த பொருளுக்கு வருகிறேன். சுட்ட மண்.

புளோரைட்டு அயனும் ஐதரொட்சைட்டு அயனும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்று, ஏற்றத்திலும் ஒன்று. அதனால் ஒன்று இருந்த இடத்தில் மற்றது போய் உட்காரும். எலும்பில் புளோரைட்டு சேர்வது அப்படித்தான். எலும்புக் கரி தண்ணீரைச் சுத்தப்படுத்துவதும், சுட்ட களிமண்ணிலுள்ள அலுமினிய, இரும்பு ஒட்சைட்டுகள் புளோரைட்டைப் பிடிப்பதும் பெரும்பாலும் இதே இடமாற்றத்தால்தான். நோபல் பரிசுச் சட்டகத்திலும் இதே இடமாற்றம் உண்டு. இலங்கை ஆய்வாளர்களான பத்மசிறியும் திசாநாயக்கவும் 1995இலேயே நம் நாட்டுச் செங்கல் துண்டுகளை வைத்து ஒரு வீட்டு வடிகட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

சுட்ட மண்ணிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கேளுங்கள். ஏறக்குறைய 600 பாகை செல்சியசில் சுட்ட மண் நன்றாகப் பிடிக்கும். 700ஐத் தாண்டினால் பிடிப்புக் குறையும். தட்டினால் கணீரென்று ஒலிக்கிற கல் வீடு கட்ட நல்லது, இந்த வேலைக்கு அரைவேக்காட்டுக் கல்தான் வேண்டும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பீவீசீக் குழாயில் இரண்டு விதக் கல்லையும் உடைத்து நிரப்பிப் பார்த்தோம். காய்ச்சி வடித்த நீரில் புளோரைட்டைக் கரைத்து விட்டபோது அரைவேக்காட்டுக் கல் அற்புதமாக வேலை செய்தது. கிணற்றுத் தண்ணீரை விட்டபோது பாதிகூடப் பிடிக்கவில்லை. நம் தண்ணீரில் இருகாபனேற்று அதிகம், பீஎச்சும் கூட. இருகாபனேற்றும் ஐதரொட்சைட்டும் புளோரைட்டோடு அந்த இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஆகவே திரும்பவும் கேட்கிறேன், எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்?

குடிநீரில் புளோரைட்டை உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை விடுகிறது. நமது நாட்டுத் தரம் 1.0. வெயிலில் நின்று அதிகம் தண்ணீர் குடிக்கிற நமக்கு அந்த இறுக்கம் தேவை. வவுனியாவின் சில கிணறுகள் இரண்டையும் தாண்டியவை. செட்டிகுளப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடுவாள். "சேர், நல்லாப் பல்லுத் தீட்டினாப் போகுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். போகாது. பல் முளைக்க முன்னரே, எனாமல் உருவாகும்போது மிகைப் புளோரைட்டால் விழுந்த கறை அது. அவளுடைய தம்பிக்கு அப்போது இரண்டு வயது. குடிக்கிற தண்ணீரை மாற்றச் சொன்னேன்.

பச்சைப் பந்துப் படத்துக்கு வருகிறேன். முழுக் கட்டுரையையும் இறக்கி, துணைத் தகவல் பக்கங்கள் வரை வாசித்தேன். பின்பகுதியில் ஓர் அட்டவணை: குளோரைட்டு, சல்பேற்று, இருகாபனேற்று, பொசுபேற்று ஆகியவற்றைக் கலந்தபோது எவ்வளவு பிடித்தது என்று எண்களோடு கொடுத்திருக்கிறார்கள். நேர்மையான அட்டவணை. இருகாபனேற்று வரிசையில் எண் விழுந்திருக்கிறது. அந்த வரிசையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மாணவருக்குத் திருப்பி அனுப்பினேன்; அவருடைய வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.