சூதாடாமல் ஒரு நாள்



வைத்திய மாநாடொன்றுக்கு லாஸ் வேகாஸ் போனேன். ரொறன்ரோவிலிருந்து என் வகுப்புத் தோழியும் வந்தாள். கண்டு 20 வருடங்களுக்கு மேல். 24 மணிநேர பஸ் சீட்டு அப்போது 8 டொலர். அதுதான் எங்கள் பெரிய செலவு. 1959இல் பெற்றி வில்லிஸ் வடிவமைத்த வரவேற்புப் பலகையடியில் படமெடுத்தோம். பெலாஜியோவின் பூக்கூடம் இலவசம். தண்ணீர்ப் போத்தலை மட்டும் கைவிடவில்லை, பாலைவனமல்லவா!

வெயிலுக்குப் பயந்து வேறொரு சூதாட்ட மண்டபத்துக்குள் நுழைந்தோம். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு ஓர் அம்மா இயந்திரத்தின் பொத்தானை அமத்திக்கொண்டிருந்தார். சிலிண்டரின் மானி சிவப்பைத் தொட்டிருந்தது. சொன்னேன். "இன்னும் ஒருக்கால்" என்றார், திரும்பாமலே. பணியாளரைக் கூப்பிட்டு, மாற்றுச் சிலிண்டர் வரும்வரை பக்கத்தில் நின்றேன். அவர் நிறுத்தவில்லை.

இரவு பெலாஜியோ நீரூற்றடியில், அது ஓயும்வரை பள்ளிக்கூட விறாந்தைக் கதைகள் கதைத்தோம். அதுவும் இலவசம்.